முக்காட்டைக் கண்டதும் முடிவு கட்டாதீர்கள்

பினாங்கு நாகூர் தர்காவுக்குப் பக்கத்தில், ஒரு துணிக்கடையின் மாடியில், மாதம் ஒருமுறை ஏழெட்டுப் பேர் கூடி நாவல் படிக்கிறோம். முஸ்லிம் குடும்பக் கதை என்றால் பத்தே நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும்: "பாவம், அடக்கி வெச்சிருக்காங்க." நானும் அப்படிச் சொன்னவன்தான்.

போன மாதம் எகிப்தின் நகீப் மஹ்ஃபூஸ் எழுதிய கெய்ரோ நாவல் வரிசையில் முதலாவதைப் படித்தோம். அதில் வரும் அமீனா, கணவர் அனுமதியில்லாமல் வாசற்படி தாண்டாதவள். அவர் வெளியூர் போன நாளில் பிள்ளைகள் உசுப்பேற்ற, ஹுசைன் பள்ளிவாசலுக்குப் போய்விடுகிறாள். வரும் வழியில் கார் மோதி எலும்பு முறிகிறது. எலும்பு கூடும்வரை பொறுத்திருந்த கணவர், அப்புறம் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்.

நாங்கள் கணவரைத் திட்டிக்கொண்டிருந்தோம். ஐந்து வேளையும் தொழுகிற ஒரு ராத்தா (அக்கா) மட்டும் கேட்டார்: "அவ சியாரத்துக்குத்தானே போனா?" சியாரத் என்றால் புனிதர் அடக்கத்தலத்துக்குப் போய் வருவது. அங்கேதான் கோட்டை விட்டிருந்தோம். அமீனா மீறிப் போனது பள்ளிவாசலுக்கு. அவளை வெளியே இழுத்ததே அவளுடைய ஈமான்தான், இறைநம்பிக்கைதான். மார்க்கம் ஒரு கட்சி, விடுதலை இன்னொரு கட்சி என்று முதலிலேயே பிரித்துவிட்டால் இந்தக் காட்சி கண்ணில் படாது.

அரசியல் என்றால் ஊர்வலம், கோஷம் என்று தேடுவதும் தவறு. அமீனாவின் மகன் ஃபஹ்மி, ஆங்கிலேயர் ஆதிக்கத்தை எதிர்த்த 1919 போராட்டத்தில் சுடப்பட்டுச் சாகிறான். அதை அரசியல் என்கிறோம். அம்மா கதையைக் குடும்ப விவகாரம் என்று ஒதுக்குகிறோம். ஆனால் நாட்டு விடுதலை கேட்கும் மனுவில் கையெழுத்துப் போட்ட அதே மனிதர்தான் மனைவியை வீட்டைவிட்டு அனுப்பியவர். நாவலாசிரியர் இரண்டையும் ஒரே வீட்டில் வைத்தது சும்மா அல்ல. அதே 1919இல் முகத்திரையோடு கெய்ரோ தெருவில் இறங்கி ஆங்கிலேயரை எதிர்த்த பெண்களும் உண்டு.

முக்காடு விஷயத்துக்கு வருவோம். அதைப் பார்த்ததும் அர்த்தம் சொல்லிவிடாதீர்கள். கதை நடக்கும் ஆண்டைப் பாருங்கள். ஈரானில் 1936இல் மன்னர் ரெசா ஷா முக்காட்டுக்குத் தடை போட்டார், போலீஸ் தெருவில் பிடுங்கியது. வெளியே வரவே மறுத்த பெண்கள் இருந்தார்கள். 1978இல் அவர் மகனின் ஆட்சியை எதிர்த்துப் பெண்கள் பலர் வேண்டுமென்றே சாதர் என்ற உடல் மூடும் முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஊர்வலம் போனார்கள். மறுவருடம் அந்த ஆட்சி கவிழ்ந்து மதத்தலைவர்கள் கைக்கு அதிகாரம் வந்தது; மார்ச்சில், கட்டாய முக்காடு வேண்டாம் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் டெஹ்ரான் தெருவுக்கு வந்தார்கள். துணி அதேதான். உத்தரவு போட்டவர்கள்தான் வேறு.

இன்னொன்று: முஸ்லிம் பெண்களைப் பற்றிய நாவலெல்லாம் அரபு நாட்டுச் சரக்கு என்ற நினைப்பு. தமிழ்நாட்டு நாகூரைச் சேர்ந்த முஸ்லிம் பெண் எழுத்தாளர் சித்தி ஜுனைதா பேகம் 1938இலேயே 'காதலா கடமையா' நாவலை வெளியிட்டுவிட்டார். நாகூர் பெயரில் இங்கே தர்கா இருக்கிறது, அந்த ஊர் எழுத்தாளரை எங்களில் இருவருக்குத்தான் தெரிந்திருந்தது. அடுத்த மாதம் அந்த நாவல்தான். கையில் இருப்பது ஒரே பிரதி. இந்த வாரம் அது ராத்தாவிடம்.