ஒரே தெருவில் மூன்று பேருக்குப் பேதி: முதல் நாள் வேலை

இரண்டு நாளுக்குள் ஒரே தெருவில் மூன்று பேருக்குப் பேதி என்று காதில் விழுந்தால் சுகாதாரப் பணியாளர்களே, அன்றைக்கே கிளம்புங்கள். சித்தேரி மலையிலோ அஞ்செட்டிப் பக்கமோ இருப்பவர், பஸ் பிடித்து ஆரம்ப சுகாதார நிலையம் வருவதற்குள் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டிருப்பார். ஓ.பி. சீட்டை நம்பினால் தாமதம்தான். மெடிக்கல் கடைக்காரர், அங்கன்வாடி டீச்சர், மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர் (வீடு தேடி மருந்து கொடுக்கும் அரசுத் திட்டத்தின் ஊழியர்) ஆகியோரின் போன் நம்பர் கிராம சுகாதார செவிலியர் கையில் இருக்கட்டும்.

வீடு வீடாகப் பட்டியல் எடுங்கள்: பெயர், வயது, எந்தக் குழாய்த் தண்ணீர், பேதி தொடங்கிய நாள், நேரம். பட்டியல் கெடுவது இந்தத் தேதியில்தான். "எப்போ வந்தது?" என்றால் ஆஸ்பத்திரிக்குப் போன நாளைச் சொல்வார்கள். "முதல் தடவை வெளியே போனது சந்தைக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேளுங்கள்.

ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்பே பரிசோதனைக்கு மல மாதிரி எடுத்து, கேரி-பிளேர் குழாயில் (ஆய்வகம் போய்ச் சேரும்வரை கிருமி சாகாமல் காக்கும் குழாய்) அனுப்புங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்குகிறவர்கள் உண்டு. உப்பு அதிகமாகிக் குழந்தைக்கு ஆபத்து. பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கானது. லிட்டர் பாட்டிலில் அளந்து கலக்கிக் காட்டிவிட்டே வாருங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு துத்தநாக மாத்திரை தினம் 20 மில்லிகிராம், 14 நாள்.

அடுத்து மேல்நிலைத் தொட்டி. 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். எடை போடுங்கள், கைப்பிடிக் கணக்கு வேண்டாம். பவுடரை வாளியில் குழைத்து, தண்ணீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்தே வால்வைத் திறக்கலாம். வாய் திறந்து கிடந்த மூட்டையில் குளோரின் பாதி போயிருக்கும்; எடை சரியாக இருந்தும் பயனில்லை.

தண்ணீரில் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்ற சோதனையைத் தொட்டியடியில் செய்யாதீர்கள். கடைசி வீட்டுக் குழாயில் செய்யுங்கள். ஓ.டி. கரைசல் (ஆர்த்தோடொலிடின்; குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும்) விட்டதும் பத்து நொடிக்குள் நிறம் பாருங்கள். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் கிருமியைச் சரியாகக் கொல்லாத சேர்மக் குளோரினும் மஞ்சளாகத் தெரியும். சாதாரண நாளில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் போதும். பேதி பரவும்போது 0.5 வேண்டும்.

முதல் வீட்டுக் குழாயில் குளோரின் இருந்தும் கடைசி வீட்டில் இல்லையென்றால், பவுடரைக் கூட்டுவதற்கு முன் லைனோடு நடந்து பாருங்கள். சாக்கடைக்குள் போகும் குழாய், நீர் தேங்கிய வால்வுக் குழி இரண்டையும் விடாதீர்கள். தண்ணீர் நின்றதும் காலிக் குழாய் ஓட்டை வழியாகச் சாக்கடையை உறிஞ்சிக்கொள்ளும். ஒருநாள் விட்டு ஒருநாள் வால்வு திறக்கும் ஊரில் முதல் குடம்தான் மோசம்.

அன்று மாலையே மருத்துவ அலுவலருக்குச் சொல்லிவிட்டு ஐ.எச்.ஐ.பி.யில் (அரசின் நோய்க் கண்காணிப்பு இணையதளம்) பதியுங்கள். கடைசி நோயாளிக்குப் பிறகும் பத்து நாள் அதே வீடுகளுக்குப் போங்கள். யாருக்கும் பேதி இல்லாத நாளில் பட்டியலில் அன்றைய கட்டத்தை வெறுமையாக விடாமல் '0' என்றே எழுதுங்கள். வெற்றுக் கட்டத்தைப் பார்ப்பவருக்கு, நோய் இல்லையா, நீங்கள் போகவில்லையா என்று தெரியாது.