வர்ஜீனியாவில் குடியேறிய முன்னோரைத் தேடுவது எப்படி? நிலத்திலிருந்து தொடங்குங்கள்

மருமகனின் குடும்பத்தில் வழிவழியாக ஒரு பேச்சு உண்டு. முதல் பாட்டனார் 1600-களில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வர்ஜீனியாவுக்கு வந்தவராம். பெயரைத் தவிர வேறு எதுவும் யாருக்கும் தெரியாது. "ஊர்ப் பத்திரங்களை எல்லாம் படித்துப் பழகியவர் நீங்கள், இதையும் பாருங்களேன்" என்று சம்பந்தி அம்மாள் என்னிடம் ஒப்படைத்தார். ஆள் கிடைத்துவிட்டார். அமெரிக்க மருமகனோ மருமகளோ வந்த வீடுகளிலிருந்து இதே கேள்வி அடிக்கடி வருவதால் வழிமுறையை இங்கே எழுதுகிறேன்.

பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களைச் சேர்ப்பதும், 1850 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை பின்னோக்கிப் போவதும் உங்களுக்கே கைவரும். வீட்டுத் தலைவரோடு நிறுத்தாமல், அடிமைப்படுத்தப்படாத எல்லோர் பெயரையும் எழுதிய முதல் கணக்கெடுப்பு அது. அதற்கு முன்னால்தான் இருட்டு. அங்கே பெயரைத் துரத்தாதீர்கள், நிலத்தைத் துரத்துங்கள். ஒரே எழுத்தர் ஒரே பக்கத்தில் ஒரு குடும்பப் பெயரை மூன்று விதமாக எழுதுவார். ஜானும் வில்லியமும் தெருவுக்குத் தெரு உண்டு. ஓடை இடம் மாறாது.

எந்த ஆண்டில் எந்தக் கவுன்டி?

கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்றது. 1634-இல் வர்ஜீனியாவில் எட்டே கவுன்டிகள். பிறகு பிரிந்துகொண்டே போயின. எங்கள் ஆளின் நிலம் சர்ரி கவுன்டியில் இருந்தது. சர்ரி 1652-இல்தான் ஜேம்ஸ் சிட்டியிலிருந்து பிரிந்தது. ஆகவே அதற்கு முந்தைய பத்திரம் வேண்டுமென்றால் ஜேம்ஸ் சிட்டி ஏடுகளைத்தான் பார்க்க வேண்டும். அவையோ பாதுகாப்புக்கென்று தலைநகர் ரிச்மண்டுக்கு அனுப்பப்பட்டு, 1865 ஏப்ரலில் நகரம் எரிந்தபோது சாம்பலாகிவிட்டன. எந்த ஆண்டில் எல்லை எங்கே இருந்தது என்பதற்கு நியூபெரி நூலகத்தின் இலவச இணைய வரைபடம் போதும்.

நில மானியம்

1618 முதல் ஒரு நபரின் கப்பல் செலவை ஏற்றவருக்குத் தலைக்கு 50 ஏக்கர் உரிமை. இதற்கு ஹெட்ரைட் என்று பெயர். மானியப் பத்திரத்தில் நிலம் பெற்றவர் பெயரோடு, யாருக்காகப் பெற்றார் என்ற பெயர்ப் பட்டியலும் இருக்கும். மாநில நூலகமான லைப்ரரி ஆஃப் வர்ஜீனியாவின் இணையதளத்தில் மூல ஏடுகளையே படமாகப் பார்க்கலாம். சுருக்கத் தொகுப்புகளை நம்பி நின்றுவிட வேண்டாம். எல்லை விவரம் முழுமையாக மூலத்தில்தான் இருக்கிறது.

இந்தப் பட்டியலைக் கப்பல் பயணிகள் பட்டியலாகப் படிக்கக் கூடாது. உரிமையை விற்கலாம், வாங்கலாம், ஆண்டுக்கணக்கில் கையில் வைத்திருக்கலாம். ஒரே ஆளுக்காக இருவர் நிலம் கேட்டதும் உண்டு. பத்திரத்தின் தேதிக்கு முன்பே ஆள் வந்துவிட்டார் என்பதற்கு மேல் எதையும் அதிலிருந்து பிழிய முடியாது. மூன்று ஆண்டுகளுக்குள் குடியேறிப் பயிர் செய்யாவிட்டால் மானியம் காலாவதியாகும் என்பதால், பத்திரம் இருப்பதாலேயே ஆள் அங்கே வாழ்ந்தார் என்றும் சொல்லிவிட முடியாது.

நம்மவர்களுக்கு ஒரு செய்தி: 1635-இல் ஜார்ஜ் மெனிஃபி என்பவர் பெற்ற மானியத்தின் ஹெட்ரைட் பட்டியலில் "ஈஸ்ட் இண்டியன்" டோனி என்று ஒருவர் இருக்கிறார். அவரைக் கணக்குக் காட்டி 50 ஏக்கரைப் பெற்றுக்கொண்டவர் மெனிஃபி.

தாய்ப்பத்திரம் இல்லாத விற்பனை

தொடங்குகிறவர்கள் திணறும் இடம் இதுதான். 1670-களில் தாத்தா பெயரில் மானியம் இருக்கிறது. 1730-களில் அதே குடும்பப் பெயர் கொண்ட வேறொருவர் அந்த நிலத்தை விற்கிறார். நடுவில் கிரயமும் இல்லை, உயிலும் இல்லை. ஏதோ ஏடு தொலைந்துவிட்டது என்றே தோன்றும். சர்ரியின் ஏடுகள் பெரும்பாலும் பிழைத்தவை என்பதால் அந்தச் சமாதானம் செல்லாது.

விடை அன்றைய சட்டத்தில் இருக்கிறது. உயில் எழுதாமல் தந்தை இறந்தால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கு. மாற்றி எழுத எந்தப் பத்திரமும் தேவையில்லை. 1785-இல் இயற்றிய சட்டத்தால்தான் இந்த முறை ஒழிந்தது. ஆகவே வாங்காத நிலத்தை ஒருவர் விற்றால், அவர் மூத்தவர் வழி வாரிசு என்று கருத இடமுண்டு. தாய்ப்பத்திரம் இல்லாததே இங்கே உறவுக்குச் சாட்சி. உயிலில் மூத்தவர் பெயர் இல்லாவிட்டாலும், ஒரு ஷில்லிங் மட்டும் எழுதியிருந்தாலும் தந்தைக்குக் கோபம் என்று கதை கட்டாதீர்கள். அவருடைய பங்கு ஏற்கெனவே கைக்கு வந்திருக்கலாம், அல்லது சட்டப்படி தானாக வரும்.

முடிவுகட்டுவதற்கு முன் இன்னொரு வழியை அடைத்துவிடுங்கள். நிலம் மனைவி வழியில் வந்திருக்குமானால் விற்பவர்களாகக் கணவன், மனைவி இருவர் பெயரும் பத்திரத்தின் தொடக்கத்திலேயே இருக்கும். கணவன் நிலமென்றால் மனைவி தன் விதவைப் பங்கைத் துறப்பதாக நீதிமன்றத்தில் சொன்ன குறிப்பு மட்டும் இருக்கும்.

அடுத்து, மானியத்தில் உள்ளதும் பின்னால் விற்றதும் ஒரே நிலம்தானா என்று நிறுவ வேண்டும். நம் பத்திரங்களில் நான்கெல்லை எழுதுவதைப் போல இங்கே மரம், ஓடை, பக்கத்து நிலத்துக்காரர், திசைக் கோணம், தூரம் எல்லாம் வரும். தூரம் "போல்" கணக்கில். ஒரு போல் 16½ அடி. வரைந்து தரும் மென்பொருள் விற்கிறார்கள். நான் வரைபடத்தாளும் பாகைமானியும்தான் பயன்படுத்துகிறேன். அக்கம்பக்க நிலங்களையும் வரைந்து, வெட்டி, மேசையில் பொருத்திப் பார்த்தால் எது தவறான கோணம் என்று உடனே தெரிகிறது. காந்த வடக்கு காலப்போக்கில் நகர்வதால் கோணங்கள் சில பாகை விலகியிருக்கும். துண்டைச் சற்றே திருப்பினால் பொருந்திவிடும்.

பத்திரத் தேடலில் ஒன்று: அடுத்தடுத்த இரு நாள்களில் ஒரே நிலத்துக்கு முதலில் குத்தகை, பிறகு விடுதலைப் பத்திரம் என்று இரண்டு இருக்கும். இரண்டும் சேர்ந்து ஒரே விற்பனை.

நீதிமன்ற ஏடுகள்

ஆர்டர் புக் எனப்படும் நாள்நடவடிக்கை ஏடுகள் அலுப்பூட்டும். ஆனாலும் விடாதீர்கள். புகையிலைக் கடன் வழக்கு, சாலை வேலைக்கு நியமனம், சாட்சிகளுக்குக் கொடுத்த படிப்பணம் எல்லாம் அக்கம்பக்கத்தாரைக் காட்டும். 14 வயதான அநாதை தன் காப்பாளரைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்பதால் அந்தப் பதிவு வயதுக்குச் சான்று. சர்ரிக்கு 1668 முதல் 1703 வரையான தலைவரிப் பட்டியல்களும் கிடைக்கின்றன. ஆணுக்கு 16 வயதில் தலைவரி தொடங்கும் என்பதால், மகன் தந்தை வீட்டுக் கணக்கில் முதலில் தோன்றும் ஆண்டைக் கண்டால் பிறந்த ஆண்டை ஏறத்தாழப் பிடித்துவிடலாம்.

சொத்துக் கணக்குகளில் மாடு, கட்டில், பித்தளைப் பானையோடு அடிமைகளாக வைக்கப்பட்ட மனிதர்களின் பெயர்களும் விலையோடு வரும். அவற்றையும் ஏட்டின் பக்க எண்ணோடு குறித்து, எல்லோரும் தேடக்கூடிய இடத்தில் பதியுங்கள். அவர்களின் சந்ததியினருக்கு அந்த ஒரு வரியைத் தவிர வேறு ஏடு இல்லாமல் போகலாம்.

2024 முதல் ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தேடல் தளத்தில் கையெழுத்து ஏடுகளையே சொல் கொடுத்துத் தேடும் வசதி இருக்கிறது, அதுவும் இலவசமாக. அட்டவணையில் ஏறாத சாட்சிகளும் பக்கத்து நிலத்துக்காரர்களும் அதில் அகப்படுகிறார்கள். அடுத்தவர் போட்டுவைத்த வம்ச மரங்களைவிட இதற்குத்தான் என் ஓட்டு.

தேவாலயம்

எல்லோரும் இங்கிருந்து தொடங்கப் பார்க்கிறார்கள். நான் கடைசியில் வைக்கிறேன், ஏனென்றால் பிழைத்தவை குறைவு. சர்ரி, சசெக்ஸ் பகுதிக்கு ஆல்பமார்ல் பாரிஷின் (பாரிஷ் என்றால் ஒரு தேவாலயத்தின் வட்டாரம்) 1739 முதலான பதிவேடு உண்டு. ஞானஸ்நானத்தோடு ஞானப்பெற்றோர் பெயரும் இருப்பதால் தாய் வழி உறவைத் தேட அது நல்ல துப்பு. வெஸ்ட்ரி எனப்பட்ட சபை நிர்வாகத்தின் ஏடுகளையும் கேளுங்கள். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நில எல்லைகளை நடந்து உறுதிசெய்யும் வேலை அவர்கள் பொறுப்பில் இருந்தது. நியூ கென்ட் கவுன்டியின் நீதிமன்ற ஏடுகள் எரிந்துபோனாலும் செயின்ட் பீட்டர்ஸ் பாரிஷ் ஏடுகள் தப்பியிருக்கின்றன.

தேதியில் கவனம். 1752-க்கு முன் ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. 1711 டிசம்பரில் எழுதிய உயில் "1711 பிப்ரவரி"யில் நீதிமன்றத்துக்கு வந்தால் அது நம் கணக்கில் 1712.

பின்சேர்க்கை: வெஸ்ட்மோர்லண்ட் கவுன்டியில் தேடிய வாசகர் ஒருவர், 1700-களின் மானியம் ஒன்றும் அகப்படவில்லை என்று எழுதியிருந்தார். ரப்பஹானக், பொட்டோமாக் நதிகளுக்கு இடைப்பட்ட நார்தர்ன் நெக் பகுதி கல்பெப்பர், பிறகு ஃபேர்ஃபேக்ஸ் குடும்பங்களின் தனி உரிமையில் இருந்தது. அங்கே நிலம் கொடுத்தது அவர்களின் அலுவலகம். அதன் ஏடுகள் 1690-களில் தொடங்கும் தனி வரிசை. அதே நூலகத் தளத்தில் இருக்கின்றன. அரசு மானியங்களில் பெயர் வரவில்லை என்றால் அந்த வரிசையில் ஒருமுறை தேடிவிட்டுப் பிறகு எழுதுங்கள்.