மெஷினை இறக்கிய பிறகு மானியம் கேட்டுப் போகாதீர்கள்

போன வாரம் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி என் பட்டறைக்கு வந்தார். போனில் ஒரு படத்தைக் காட்டினார். புத்தம்புது மாவு அரைக்கும் மெஷின், மஞ்சள் தடவி, மாலை போட்டு நின்றது. "அண்ணாச்சி, மெஷின இறக்கியாச்சு. இனி மானியத்துக்கு எங்க போய் எழுதிக் கொடுக்கணும்?" என்று கேட்டார். எனக்கு மனசு கனத்துவிட்டது. 2016-இல் நான் செய்த அதே தவறு.

பான் கார்டைக் கொண்டுபோக மறப்பது, பெயரில் இன்ஷியல் மாறிக் கிடப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் இரண்டாவது நடையில் சரியாகிவிடும். திருத்தவே முடியாதவை சில உண்டு.

முதலில் வாங்கிவிட்டு அப்புறம் கேட்பது

களக்காட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் வாழைக்காய் சிப்ஸ் போடலாம் என்று இறங்கினேன். வாழைக்குப் பஞ்சமில்லாத ஊர். வீட்டு நகையை அடகு வைத்து, சீவும் மெஷின், வறுக்கும் சட்டி, பாக்கெட் ஒட்டும் மெஷின், ஒரு ஷெட் என்று 8 லட்சம் போட்டேன். எல்லாம் முடிந்த பிறகு பில்களைக் கோப்பில் அடுக்கிக்கொண்டு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனேன். பெருமையாகத்தான் போனேன். அங்கிருந்த அலுவலர் முதல் பில்லின் தேதியைப் பார்த்ததுமே கோப்பை மூடிவிட்டார்.

அவர் செய்தது நியாயம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் ஒன்றிய அரசுடையது. ஆனாலும் நம் மாவட்டத் தொழில் மையம் வழியாகவும் அதற்கு விண்ணப்பிக்கலாம். அது புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும்தான். ஓடிக்கொண்டிருக்கும் தொழிலைப் புதுத்தொழில் என்று காட்ட முடியாது. மாநில அரசின் படித்த வேலையற்ற இளைஞர்களுக்கான திட்டமும், 'நீட்ஸ்' திட்டமும் புதுத்தொழில் தொடங்குகிறவர்களுக்கானவைதான். இவை எல்லாவற்றிலும் மானியம் கடனோடு சேர்ந்தே வரும். கடன் வாங்காமல் கைப்பணத்தைப் போட்டவருக்கு இந்த மானியம் வந்து சேர வழியே கிடையாது.

நான் இழந்தது எவ்வளவு தெரியுமா? அந்த ஒன்றிய அரசுத் திட்டத்தில் கிராமப்புறத்தில் தொடங்கும் பிற்படுத்தப்பட்டோருக்கு 35 சதவீதம். 8 லட்சத்துக்குக் கணக்குப் போட்டால் 2,80,000 ரூபாய். நகையை மீட்க எனக்கு நாலு வருடம் ஆனது. இன்னும் ஆறவில்லை.

சரியான வரிசை இதுதான். மெஷின் கடையில் கொட்டேஷன் மட்டும் வாங்குங்கள், பில் வேண்டாம். திட்ட அறிக்கையோடு விண்ணப்பியுங்கள். தொழில் மையம் பரிந்துரைத்து, வங்கி கடனை அனுமதித்த பிறகு, வங்கியே மெஷின் விற்பவருக்குப் பணம் அனுப்பும். அதுவரை ஒரு ஸ்க்ரூ கூட வாங்காதீர்கள். "இன்னைக்கே எடுத்தா விலை குறைச்சுத் தாரேன்" என்று கடைக்காரர் சொல்வார். அவர் குறைக்கும் ஐயாயிரத்துக்காக லட்சங்களை விடாதீர்கள்.

இன்னொன்று. மாநில அரசின் 25 சதவீத மூலதன மானியம் வேறு கணக்கு. அது உற்பத்தி தொடங்கிய பிறகு கேட்பது, அதற்கும் கெடு உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்தத் தம்பியையும் இதற்குத் தகுதி இருக்கிறதா என்று உடனே போய்க் கேட்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

மானியத்தைக் கையில் வரும் காசு என்று நினைப்பது

அந்த ஒன்றிய அரசுத் திட்டத்தின் மானியம் கையில் வராது. வங்கியில் உங்கள் பெயரில் மூன்று வருடம் வைப்பாக இருக்கும், அப்புறம் கடனில் கழியும். நடுவில் தொழிலை மூடினால் அதுவும் போய்விடும்.

யாரோ எழுதிய திட்ட அறிக்கை

காசு கொடுத்தால் அரை மணி நேரத்தில் அறிக்கை அடித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி வாங்கிக்கொண்டு வங்கிக்குப் போனார். மேலாளர் கேட்டது ஒரே கேள்வி: "ஒரு கிலோ சிப்ஸுக்கு எத்தனை கிலோ காய் போகும்?" பதில் அவர் கையிலிருந்த தாளில் இருந்தது, அவருக்குத் தெரியவில்லை. கடன் கிடைக்கவில்லை. உங்கள் எண்களை நீங்களே எழுதுங்கள், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. தொழில் மையத்தில் உட்கார்ந்து திருத்தித் தருவார்கள். மாநில அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் நடத்தும் பயிற்சிகளிலும் இதைச் சொல்லித் தருகிறார்கள்.

உத்யம் பதிவுக்குப் பணம் கட்டுவது

கட்டாதீர்கள். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களை ஒன்றிய அரசிடம் பதிவதுதான் உத்யம். அது இலவசம்.

மாவட்டம் மாறிப் போவது

சங்கரன்கோவில், ஆலங்குளம், புளியங்குடிக்காரர்கள் இன்னும் பழக்கத்தில் திருநெல்வேலிக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். 2019 நவம்பரிலிருந்து நீங்கள் தென்காசி மாவட்டம்.

வராத பாக்கிக்காகக் கெஞ்சிக்கொண்டே இருப்பது

சரக்கை ஏற்றுக்கொண்டவர், எழுத்தில் என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டு குறு, சிறு தொழில் சட்டம். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. அதை வசூலித்துத் தர மாநில அரசு வசதியாக்க மன்றம் வைத்திருக்கிறது. உற்பத்தி செய்பவர்கள் அங்கே முறையிடலாம். ஆனால் சரக்கு அனுப்பும் முன்பே உத்யம் பதிவு இருக்கட்டும். பெரிய கடைக்காரர் ஒருவரிடம் என் 60,000 ரூபாய் ஏழு மாதம் கிடந்தது. வாரா வாரம் அவர் கடை வாசலில் போய் நின்றேன். ஆர்டர் தாள், பில், சரக்கு சேர்ந்ததற்கு அவர் ஆள் போட்ட கையெழுத்து, மூன்றும் என் பையிலேயே இருந்தன.