டைல்ஸ் ஒட்டும் முன்பே பாத்ரூம் கேபினெட்டை முடிவு செய்யுங்கள்

ஓய்வு பெற்ற கையோடு, தூத்துக்குடிக்கு வெளியே நானும் மனைவியும் கடைசிவரை இருக்கப்போகும் ஒரு சின்ன வீட்டைக் கட்டினேன். கான்ட்ராக்டரிடம் மொத்தமாக விடவில்லை. கொத்தனார், பிளம்பர், ஆசாரி என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, பக்கத்திலேயே நின்று செய்த வேலை. இரண்டு பாத்ரூம், இரண்டிலும் வாஷ்பேசினுக்குக் கீழே ஒரு கேபினெட், மேலே ஒரு கண்ணாடி அலமாரி. இவற்றை மட்டும் நானும் மைத்துனரும் சேர்ந்து மாட்டினோம். முதல் பாத்ரூமில் தப்பாகி, பிரித்து மறுபடி மாட்ட வேண்டியதாயிற்று. இரண்டாவது ஒரே நாளில் முடிந்தது.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். 60 வயதில் மாட்டுகிற கேபினெட்டை 80 வயதில் நாம் பிடித்துக்கொண்டு நிற்போம். டாய்லெட் பக்கத்தில் கைப்பிடிக் கம்பி கட்டாயம் வேண்டும், அது வேறு. ஆனால் ஈரத் தரையில் கால் வழுக்குகிற நொடியில் கம்பி எங்கே என்று யாரும் தேடுவதில்லை, கைக்கு எட்டுவதைத்தான் பிடிப்போம், பெரும்பாலும் அது வாஷ்பேசின் விளிம்பாகத்தான் இருக்கும். அதனால் கேபினெட்டை அலமாரி என்று நினைக்காமல், ஒரு ஆள் தன் எடையைப் போட்டுச் சாயக்கூடிய இடம் என்று நினைத்து மாட்டுங்கள். கீழே நான் சொல்வது எல்லாமே இதிலிருந்து வருவதுதான்.

சுவர் எதால் கட்டியது என்று பாருங்கள். செங்கல் சுவர் என்றால் கவலை குறைவு. ஏஏசி பிளாக் (காற்றுக்குமிழ் நிறைந்த லேசான சிமெண்ட் பிளாக்) அல்லது ஹாலோ பிளாக் (உள்ளே வெற்றிடம் உள்ளது) என்றால் பாரம் தாங்கும் இடத்தில், ஸ்க்ரூவுக்காகச் சுவர் ஓட்டையில் அடிக்கும் சாதாரண பிளக் நிற்காது, மாவு மாதிரி உதிர்ந்து வெளியே வந்துவிடும். கட்டும்போதே, வாஷ்பேசின் வரும் இடத்தில் 2 அடி உயரத்திலிருந்து 3 அடி வரைக்கும் சாலிட் கான்கிரீட் பிளாக்கோ செங்கலோ வைத்துக் கட்டச் சொல்லிவிடுங்கள். கொத்தனாருக்கு இது அரை மணி நேர வேலைகூட இல்லை. சுவர் ஏற்கெனவே எழும்பிவிட்டது என்றால் கெமிக்கல் ஆங்கர், அதாவது ஓட்டையில் பசை விட்டுப் பதிக்கும் போல்ட், போடலாம், செலவு கொஞ்சம் கூடும்.

அடுத்தது உயரம். நான் கோட்டை விட்டது இங்கேதான். நின்று முகம் கழுவ, தரையிலிருந்து பேசின் விளிம்பு வரை 32 அங்குலம் நம் ஊர் ஆட்களுக்குச் சரியாக இருக்கும். எங்கள் பிளம்பர் வழக்கப்படி, பேசினைத் தாங்கும் கிரானைட் கல்லை 32 அங்குலத்தில் வைக்க அளவு குறித்துவிட்டார், நானும் தலையாட்டிவிட்டேன். நாங்கள் வாங்கியதோ கல்லுக்கு மேலே உட்காரும் டேபிள் டாப் பேசின், அதுவே 5 அங்குல உயரம். விளிம்பு 37 அங்குலத்துக்குப் போய்விட்டது. என் மனைவி 5 அடி. முகம் கழுவினால் தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து சேலையை நனைத்தது. எல்லாவற்றையும் பிரித்து இறக்கினோம். டேபிள் டாப் வாங்கினால் கல்லை 27 அங்குலத்தில் வையுங்கள், கல்லுக்கு அடியில் பதியும் பேசின் என்றால் கல்லே 32. அளவெல்லாம் டைல்ஸ் போட்ட பிறகு வரும் தரை மட்டத்திலிருந்து எடுக்க வேண்டும், இப்போது கண்ணுக்குத் தெரியும் கான்கிரீட்டிலிருந்து அல்ல. அந்த மட்டத்தைச் சுவரில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், எல்லா ஆட்களும் அதிலிருந்தே அளக்கட்டும்.

பேசின் எது என்று கையில் வாங்கி வைத்துக்கொண்டுதான் குழாய்ப் புள்ளிகளைக் குறிக்க வேண்டும். 32 அங்குல விளிம்புக்கு வேஸ்ட் குழாய் 18 முதல் 20 அங்குலத்தில், ஆங்கிள் காக் (பேசினுக்குப் போகும் தண்ணீரை நிறுத்தும் சின்ன வால்வு) இரண்டும் 22 அங்குலத்தில், வேஸ்ட்டுக்கு இரண்டு பக்கமும் 4 அங்குலம் தள்ளி வைத்தேன். டிராயர் வைக்கப்போகிறீர்கள் என்றால் அதன் பின்பக்கம் குழாயில் இடிக்காதபடி ஆசாரியிடம் முன்பே சொல்லி வெட்டிக்கொள்ள வேண்டும். குழாயும் ஒயரும் பதித்து முடிந்ததும், பூசுவதற்கு முன், சுவரில் டேப்பை நீட்டிப் பிடித்து அளவு தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். நான்கு மாதம் கழித்து டிரில்லைக் கையில் எடுக்கும்போது அந்தப் போட்டோவின் அருமை தெரியும், அதுவும் கீசர் ஒயர் அதே சுவரில் போகிறது என்றால்.

சரி, எந்தப் பலகை? மரத்தூளையும் நாரையும் அழுத்திச் செய்த எம்டிஎஃப், பார்ட்டிக்கிள் போர்டு இரண்டையும் பாத்ரூமுக்குள் விடாதீர்கள். வெளிநாட்டுப் படங்களில் பார்க்கிற பாத்ரூம்களில் குளிக்கும் இடம் மட்டும்தான் நனையும். நாம் வாளியில் மொண்டு ஊற்றிக் குளிப்பவர்கள், நான்கு சுவரும் நனையும். பிளைவுட் என்றால் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளை வாங்குங்கள், வெட்டிய ஓரம் எல்லாவற்றையும், குழாய்க்காகப் போட்ட ஓட்டையின் உள்விளிம்பு உட்பட, பெயின்ட்டோ சிலிக்கானோ போட்டு அடைத்துவிடுங்கள். தண்ணீர் உள்ளே போவது அங்கேதான். பிவிசி போர்டு ஊறாது, கறையானும் தொடாது, அதனால் நான் பெட்டிக்கு அதைத்தான் எடுத்தேன். அதன் குறை, ஸ்க்ரூவைப் பிடித்து வைக்காது. 18 எம்எம் கனத்தில், கையில் தூக்கினால் கனமாகத் தெரியும் போர்டாக எடுத்து, மூலைகளில் அலுமினிய ஆங்கிள் கொடுத்து, கீல் வரும் இடத்தில் முதலில் சின்ன ஓட்டை போட்டுவிட்டு ஸ்க்ரூவை ஏற்றுங்கள். கீல், டிராயர் ஓடும் சேனல், ஸ்க்ரூ எல்லாம் எஸ்எஸ் 304 (துருப்பிடிக்காத எஃகில் ஒரு ரகம்). எங்கள் மாதிரி உப்புக்காற்று ஊரில் 316 கிடைத்தால் விடாதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். கல்லையும் பேசினையும் பெட்டியின் மேல் உட்கார வைக்காதீர்கள். 18 எம்எம் கிரானைட் ஒரு சதுர அடி சுமார் 4.5 கிலோ. 30 அங்குலத்துக்கு 20 அங்குலம் கல் என்றாலே 19 கிலோ ஆகிவிடும், அதன்மேல் பேசின், அதில் தண்ணீர், அப்புறம் சாய்கிற ஆள். இவ்வளவையும் ஒரு பிவிசி பெட்டி தாங்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. டைல்ஸுக்கு முன்பே, எஸ்எஸ் சதுரக் குழாயில் செய்த இரண்டு பிராக்கெட்டைச் சுவரில் 4 அங்குலம் வெட்டிப் பதித்து, கான்கிரீட் போட்டு அடைத்து, ஒரு வாரம் தண்ணீர் விட்டு ஆறவிடுங்கள். ரசமட்டம் வைத்து இரண்டும் ஒரே மட்டம்தானா என்று பார்ப்பது அன்றைக்கே நடக்க வேண்டும், மறுநாள் பார்த்துப் பயனில்லை. பிறகு இரண்டின் மேலும் ஒரு பலகையைப் போட்டு, 20 லிட்டர் தண்ணீர் கேன் மூன்றை ஏற்றி ஒரு இரவு விட்டுவிடுங்கள். ஒரு நூல்கூட இறங்கவில்லை என்றால் தைரியமாக டைல்ஸ் ஒட்டச் சொல்லலாம்.

இப்படிச் செய்வதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. பெட்டி வெறும் பெட்டிதான், பாரம் எதையும் தாங்கவில்லை. நாளைக்கு நம்மில் ஒருவர் சக்கர நாற்காலியில் உட்கார வேண்டி வந்தால் ஸ்க்ரூவைக் கழற்றிப் பெட்டியை எடுத்துவிடலாம், கல்லும் பேசினும் அப்படியே நிற்கும், நாற்காலியின் கால் பகுதி கீழே நுழைய இடம் கிடைக்கும். அதற்காகவே பேசினுக்கு அடியில் வரும் பாட்டில் டிராப்பை (நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேக்கும் கிண்ணம்)ச் சுவரை ஒட்டினாற்போல் வைத்தேன்.

பெட்டி மாட்டும் நாள். இரண்டு பேர் வேண்டும். தரையிலிருந்து பெட்டியின் அடிப்பாகம் குறைந்தது 10 அங்குலம் இருக்கட்டும், துடைப்பம் போகும், தண்ணீர் தேங்காது. அந்த உயரத்துக்குச் செங்கலோ மரக்கட்டையோ அடுக்கி, அதன்மேல் பெட்டியை உட்காரவைத்து, ரசமட்டம் பார்த்து, சுவரில் ஓட்டைக்குக் குறி போடுங்கள். டைலை விரலால் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடமாகச் சத்தம் வந்தால் அங்கே ஓட்டை வேண்டாம், உடையும். குறியின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டினால் பிட் வழுக்காது. டைலைத் தாண்டும்வரை டிரில்லில் ஹேமர் (தட்டித் தட்டித் துளைக்கும் முறை) போடவே கூடாது. விட்ரிஃபைட் டைல் என்றால் டைமண்ட் பிட், அடிக்கடி தண்ணீர் தொட்டு மெதுவாக. டைலைத் தாண்டியதும் மேசனரி பிட்டுக்கு மாறி ஹேமர் போடலாம். பிளக் டைலுக்குள் நிற்கக்கூடாது, அதைத் தாண்டிச் செங்கலுக்குள் போக வேண்டும். இல்லையென்றால் ஸ்க்ரூ இறுகும்போது பிளக் விரிந்து டைல் கீறிவிடும், எனக்கு ஒன்று அப்படிப் போனது. டைலும் சிமெண்ட் கலவையும் சேர்ந்தே ஒரு அங்குலம் இருக்கும் என்பதால் ஸ்க்ரூ 3 அங்குலத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். செங்கலில் இரும்பு ஆங்கர் போல்ட் வேண்டாம், செங்கலைப் பிளந்துவிடும், நைலான் பிளக் போதும். பிளக்கை அடிக்கும் முன் ஓட்டைக்குள் கொஞ்சம் சிலிக்கான் விடுங்கள், குளிக்கிற தண்ணீர் அந்த வழியாகச் சுவருக்குள் இறங்காது.

கண்ணாடி அலமாரி 5 அங்குல ஆழத்துக்கு மேல் வேண்டாம், குனிந்து நிமிரும்போது தலையில் இடிக்கும். அதைச் சுற்றி நியூட்ரல் சிலிக்கான்தான் போட வேண்டும். வினிகர் வாடை அடிக்கிற சாதாரண வகை கண்ணாடியின் பின்பூச்சை அரித்துக் கறுப்பாக்கிவிடும். மாத்திரைகளை அந்த அலமாரியில் வைக்காதீர்கள், ஈரத்தில் கெட்டுப்போகும்.

கைப்பிடி உருண்டைக் குமிழாக வேண்டாம். விரல்கள் மடங்காத வயதில் நான்கு விரலும் உள்ளே போகிற டி வடிவக் கைப்பிடிதான் உதவும். கதவு வைத்த ஆழமான அறையைவிட டிராயர் நல்லது, குந்தி உட்கார்ந்து கையை உள்ளே விட்டுத் தேட வேண்டியதில்லை.

எல்லாம் முடிந்ததும் சிலிக்கானை ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, பேசினை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே டிஷ்யூ தாள் வைத்துப் பார்த்தால் ஒரு சொட்டு கசிந்தாலும் தெரிந்துவிடும். அப்புறம், போர் தண்ணீர் வீடாக இருந்தால் உள்ளே இருக்கும் ஆங்கிள் காக் இரண்டையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடித் திறந்து வையுங்கள். உப்புப் படிந்து இறுகிவிட்டால், தேவைப்படுகிற நேரத்தில் வயதான கைக்கு அது திரும்பாது.