தூக்கம் குறைந்தால் வேலையில் எங்கே இடிக்கிறது? ஒரு நோட்டு, ஒரு ஸ்கேல், 14 நாள்

"எனக்கெல்லாம் அஞ்சு மணி நேரத் தூக்கமே போதும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான் நானும். கணக்குப் பிரிவில் வேலை. ஒரு மார்ச் கடைசியில் 45,600 ரூபாய் பில்லை 54,600 என்று ஏற்றிவிட்டேன். 9,000 ரூபாய் இடிக்கிறது. வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் ஏதோ ஒரு எண்ணில் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்பது கணக்கு எழுதுபவர்களின் பாலபாடம். அன்றைக்கு அது உறைக்கவே இல்லை. இரவு ஒன்பது மணி வரை தேடினேன். நடுவில் டீ கொண்டுவந்த அண்ணன் "சர்க்கரை கம்மியா?" என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். அத்தனைக்கும், தூக்கம் போதவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சிக்கலே இதுதான். 2003இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு குழுவினரை 14 நாள் தினமும் ஆறு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுச் சோதித்தார்கள். நாளுக்கு நாள் அவர்களின் கவனப் பிசகு கூடிக்கொண்டே போனது. ஆனால் "தூக்கம் வருகிறதா?" என்று கேட்டபோது, சில நாளிலேயே "பழகிவிட்டது" என்கிற மாதிரிதான் பதில் வந்தது. ஆகவே நம்மை நாமே கேட்டுப் பயனில்லை. அளந்து பார்த்துவிடலாம்.

படி 1: நோட்டு

40 பக்க நோட்டு போதும். செயலி வேண்டாம். போனைத் திறந்தால் குறிப்பு எழுதுவதற்கு முன் நாலு ரீல்ஸ் ஓடிவிடும். காலையில் எழுந்ததும் மூன்று விஷயம் எழுதுங்கள்: விளக்கை அணைத்த நேரம், எழுந்த நேரம், தோராயமாகத் தூங்கிய மணி. நடுராத்திரி விழித்தால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், குத்துமதிப்பே போதும். ராத்திரி ஷிஃப்ட் என்றால் பகல் தூக்கத்தை இதே மாதிரி எழுதுங்கள்.

படி 2: ஸ்கேல் சோதனை

30 செ.மீ. ஸ்கேல் ஒன்று, பக்கத்து மேஜைக்காரர் ஒருவர். அவர் ஸ்கேலின் மேல்முனையைப் பிடித்துத் தொங்கவிட வேண்டும். கீழே பூஜ்ஜியம் இருக்கும் இடத்தில் உங்கள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொடாமல் காத்திருக்கட்டும். சொல்லாமல் கொள்ளாமல் அவர் விடுவார், நீங்கள் பிடிக்க வேண்டும். கட்டைவிரலுக்கு மேல் தெரியும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 15 செ.மீ. என்றால் சுமார் 0.17 நொடி, 20 என்றால் 0.20, 25 என்றால் 0.23. பொருள் விழும் வேகத்தின் கணக்கு அது, ஸ்கேலின் எடை எதுவானாலும் மாறாது.

ஒரு தடவைக்கு ஐந்து முறை. காலை 11 மணிக்கு ஒன்று, மதியம் 3 மணிக்கு ஒன்று. எப்போதும் ஒரே கை. தொடங்குவதற்கு முந்தின நாள் இருபது முறை பிடித்துப் பழகிவிடுங்கள். இல்லாவிட்டால் கை பழகுவதைத் தூக்கத்தின் பலன் என்று நினைத்து ஏமாந்துபோவோம்.

சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். தூக்கம் கெட்டவரின் கை எந்நேரமும் மெதுவாக இருக்காது. நான்கு முறை டக்கென்று பிடிப்பார், ஐந்தாவது முறை ஸ்கேல் தரையில் கிடக்கும். அதை "மிஸ்" என்று தனியாக எழுதுங்கள். நாற்பது பில்லைச் சரியாக ஏற்றிவிட்டு ஒன்றில் கோட்டை விட்டேனே, அதே கதை. வண்டி ஓட்டுபவர்களுக்கு இது இன்னும் ஆபத்து: 60 கி.மீ. வேகத்தில் மூன்று நொடி கண் அசந்தால் வண்டி 50 மீட்டர் போயிருக்கும்.

படி 3: தப்பும் கோபமும்

மாலை கிளம்பும்போது இரண்டு வரி. இன்று திரும்பச் செய்ய நேர்ந்த வேலை எத்தனை? யாரிடமாவது வெடுக்கென்று பேசினேனா? இரண்டாவது கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். 2007இல் வெளிவந்த ஒரு மூளை ஸ்கேன் ஆய்வில், ஓர் இரவு முழுக்கத் தூங்காதவர்களுக்கு மனதை உறுத்தும் படங்களைக் காட்டியபோது, உணர்ச்சியைக் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதி சுமார் 60 சதவீதம் கூடுதலாகத் துடித்தது. அதற்குக் கடிவாளம் போடும் முன்மூளையோடு இருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது. டீக்கார அண்ணனிடம் மறுநாள் மன்னிப்புக் கேட்டபோது இதையெல்லாம் விளக்கவில்லை.

படி 4: இரண்டாவது வாரம்

முதல் ஏழு நாள் எதையும் மாற்றாதீர்கள். எட்டாம் நாளிலிருந்து மூன்றே மாற்றம்.

எழும் நேரம் ஞாயிறு உட்பட ஒன்றாக இருக்கட்டும். படுக்கும் நேரத்தை முன்னுக்குத் தள்ளி ஏழு மணி நேரமாவது தூக்கத்துக்கு ஒதுக்குங்கள், ஒரே நாளில் முடியாது, தினமும் கால் மணி நேரமாக நகர்த்துங்கள். மூன்றாவது, மதியம் இரண்டு மணிக்கு மேல் காபி, டீ கிடையாது. உள்ளே போன காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஐந்து மணிக் காபியில் பாதி, இரவு பத்து மணிக்கும் உடம்பில் இருக்கும். எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது இதுதான்.

மதியம் சொக்கினால் கோழித்தூக்கம் போடலாம். அலாரம் வைத்து இருபது நிமிஷம். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழ நேரும், அப்புறம் அரை மணி நேரம் மந்தமாகவே இருக்கும்.

படி 5: நோட்டைப் படிப்பது

இரண்டு வாரத்தையும் எதிரெதிரே வைத்து, ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய நாள்களை வட்டமிடுங்கள். அந்த நாள்களின் "மிஸ்", தப்பு, கோபம் மூன்றையும் பாருங்கள். மறுநாளையும் சேர்த்துப் பாருங்கள். என் நோட்டில் கோபம் அன்றைக்கே வந்துவிட்டது, தப்புகள் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் குவிந்தன.

ஏழெட்டு மணி நேரம் தூங்கியும் எண்கள் மோசமாகவே இருக்கிறதா? பலமாகக் குறட்டை விடுவதாகவோ, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாகவோ வீட்டில் சொல்கிறார்களா? சரி, இது ஸ்கேலோடு முடிகிற விஷயம் இல்லை. டாக்டரிடம் போங்கள், நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எத்தனை மணிக்கு எழுகிறீர்கள் என்றுதான் அவர் ஆரம்பிப்பார்.