சரளை ரன்வேயில் 737-200: மூன்று முறை கோட்டை விட்டவன் எழுதும் செய்முறை

கனடாவின் வட கோடியில் கார்ன்வாலிஸ் தீவில் ரெசொலூட் பே என்று ஓர் ஊர் இருக்கிறது. 74 டிகிரி வட அட்சரேகைக்கும் மேலே. இனுக்டிடுட் மொழியில் அதன் பெயர் கவுசுய்ட்டுக், விடியாத இடம் என்று பொருள். அங்குள்ள ரன்வே 6,504 அடி நீளம், தார் கிடையாது, வெறும் சரளை. எக்ஸ்-பிளேன் என்ற விமான சிமுலேட்டரில் (கணினியில் விமானம் ஓட்டும் மென்பொருள்) அங்கே போயிங் 737-200 என்ற பழைய ஜெட் பயணிகள் விமானத்தை இறக்கப் போய் முதல் மூன்று தடவையும் ரன்வேயைத் தாண்டித்தான் நின்றேன். நான்காவது தடவை உள்ளேயே நின்றது. ஆனால் நிஜ விமானமாக இருந்திருந்தால் அன்றைக்கே இரண்டு எஞ்சினும் போயிருக்கும் என்று ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்தது.

சாதாரண ரன்வேயில் 737-ஐ இறக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

படி 1: சரியான விமானம்

பழைய 200-தான் வேண்டும். 300 மாடல் தொடங்கிப் பின்னால் வந்த 737-களில் எஞ்சின் குண்டு, அதன் அடிவயிறு தரையிலிருந்து அரை மீட்டர்கூட இருக்காது. 200-இன் ஜேடி8டி எஞ்சின் ஒல்லியாக, இறக்கையோடு ஒட்டி உயரத்தில் இருக்கும். 1969-இல் போயிங் இதற்கென்றே ஒரு சரளை கிட் கொண்டுவந்தது. அதில் முக்கியமானவை இரண்டு.

ஒன்று, மூக்குச் சக்கரத்தோடு இருக்கும் பெரிய தட்டு. சக்கரம் தெறிக்கவிடும் கல் வயிற்றில் அடிக்காமல் தடுக்கும். சக்கரத்தை மடக்கினால் தட்டும் திரும்பி மூக்கின் அடியில் தாடை மாதிரி ஒட்டிக்கொள்ளும். பறக்கும் 200-இன் முகவாய் கொஞ்சம் துருத்திக்கொண்டு தெரிந்தால் அது சரளை கிட் உள்ள விமானம்.

இன்னொன்று, எஞ்சின் வாய்க்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய். வாஷ்பேசினில் தண்ணீர் வடியும்போது ஒரு சுழி விழுமே, அதைத் தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்கள். ஓடும் எஞ்சினுக்கும் தரைக்கும் நடுவே காற்றில் அப்படி ஒரு சுழி உண்டாகும். மழை பெய்த ஏப்ரனில் (விமானம் நிறுத்தும் தளம்) தரை ஈரம் கயிறு போல எழுந்து எஞ்சினுக்குள் போவதை வீடியோக்களில் பார்த்திருக்கலாம். ஈரத்துக்குப் பதில் கல் என்றால்? எஞ்சினிலிருந்தே எடுத்த அழுத்தக் காற்றை அந்தக் குழாய் கீழே பீய்ச்சி, சுழி உருவாகாமல் கலைக்கிறது.

இவை போக, ஃபிளாப்பின் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் பலகை) அடியில் கண்ணாடி இழை, வயிற்றில் தேய்மானம் தாங்கும் பெயின்ட் என்று நிறைய இருக்கிறது. சிமுலேட்டரில் அவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

படி 2: ரன்வே உண்மையிலேயே சரளைதானா?

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. கண்ணுக்குச் சரளையாகத் தெரியும், கோப்பில் தார் என்று போட்டிருப்பார்கள். சீனரி ஃபோல்டரில் இருக்கும் apt.dat என்ற கோப்பை நோட்பேடில் திறந்து 100 என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். இரண்டாவது எண் அகலம், மூன்றாவது எண் தரையின் வகை. 5 என்றால் சரளை. 1 தார், 2 கான்கிரீட். 5 இல்லாவிட்டால் பிரேக் தார் ரோட்டில் பிடிப்பது போலப் பிடிக்கும், பழகுவதில் அர்த்தமில்லை.

படி 3: அப்ரோச்

ஃபிளாப் 40, அதாவது முழுதாக இறக்கிவிடுங்கள். வேகம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. மூக்குச் சக்கரம் இறங்கும் முன்பே தலைக்கு மேலே இருக்கும் ஓவர்ஹெட் பேனலில் கிராவல் புரொடெக்ட் சுவிட்சைப் போட்டுவிடுங்கள், சுழியைக் கலைக்கும் அந்தக் குழாயை இயக்குவது அதுதான். ஸ்பீட் பிரேக்கை (இறக்கையின் மேல் எழும்பும் தடுப்புப் பலகைகள்) ஆர்ம் செய்யுங்கள், அதாவது சக்கரம் பட்டதும் தானாக எழும்பும்படி தயார் நிலையில் வையுங்கள். என்னுடைய மூன்றாவது தோல்வி இதை மறந்ததால்தான்.

பூப்போல இறக்குகிறேன் என்று மிதக்கவிடாதீர்கள். அது என் இரண்டாவது தோல்வி: அழகாக மிதந்து 1,500 அடியைத் தின்றுவிட்டேன். குறித்த இடத்தில் 'தொம்' என்று வையுங்கள், போதும்.

படி 4: ரிவர்ஸ் (நான் வழுக்கி விழுந்த இடம்)

ரிவர்ஸ் என்றால் எஞ்சின் காற்றை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைப்பது. அதைப் போட்டால் கல் பறக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, முதல் தடவை ரிவர்ஸையே தொடவில்லை. பிரேக்கை மட்டும் நம்பினேன். சரளையில் டயர் உருண்டையான கல்லின் மேல் சறுக்கும். பெடலை எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-ஸ்கிட் விட்டுவிட்டுப் பிடிக்கும், அவ்வளவுதான்.

நான்காவது தடவை நேர் எதிர். முழு ரிவர்ஸ் இழுத்து, விமானம் நிற்கும் வரை விடவே இல்லை. நின்றது. குதித்தேன்.

அப்புறம்தான் வடக்குக் கனடாவில் இறங்கும் நிஜ வீடியோக்களை உட்கார்ந்து பார்த்தேன். அவர்கள் சக்கரம் பட்டதுமே ரிவர்ஸ் இழுக்கிறார்கள். ஆனால் வேகம் குறையக் குறைய அதை விட்டுவிடுகிறார்கள். காரணம் எளிது. வேகமாக ஓடும்போது, ரிவர்ஸ் கிளப்பும் கல்லும் புழுதியும் விமானத்துக்குப் பின்னால் தங்கிவிடும். வேகம் குறைந்ததும் அந்தப் புழுதி நம்மை முந்திக்கொண்டு எஞ்சின் வாய்க்கு முன்னால் வந்து நிற்கும். தான் கிளப்பிய கல்லைத் தானே விழுங்கும்.

ஆகவே: பட்டதும் ஸ்பீட் பிரேக் எழும்பியதா என்று ஒரு பார்வை, உடனே ரிவர்ஸ், வேகம் 80 நாட் (மணிக்குச் சுமார் 150 கி.மீ.) ஆனதும் அதைக் குறைக்கத் தொடங்கி 60-க்குள் ஐடில் (எஞ்சின் சும்மா ஓடும் நிலை). மிச்ச வேகத்துக்குப் பிரேக், இரண்டு காலிலும் சமமாக. சிமுலேட்டரில் கல் எஞ்சினுக்குள் போகாது, அதனால் நமக்குத் தண்டனையும் கிடைக்காது. 60-ஐ நாமேதான் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். நான் இப்போதும் சத்தமாகச் சொல்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

கீபோர்டில் பிரேக் பிடிப்பவர்களுக்கு: வேண்டாம். கால் பெடல் வாங்குங்கள், செகண்ட் ஹேண்ட் ஆனாலும் பரவாயில்லை. விலை உயர்ந்த யோக்கைவிட (விமானத்தின் ஸ்டீயரிங் போன்ற கைப்பிடி) மலிவான பெடல் இந்த வேலைக்கு மேல்.

படி 5: திரும்புவதும் கிளம்புவதும்

அகலமாக, மெதுவாக, நிற்காமல் திரும்புங்கள். பாதியில் நின்றால் மறுபடி நகர எஞ்சினை உறும வைக்க வேண்டும், மூக்குச் சக்கரமும் குழி பறிக்கும். கிளம்பும்போதும் அதே கதை: பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முழு பவர் ஏற்றும் பழக்கத்தை மறந்துவிடுங்கள். உருளத் தொடங்கிய பிறகு பவரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். சக்கரம் மடங்கியதும் கிராவல் சுவிட்ச் ஆஃப்.

பின்சேர்க்கை 1: பனிக்காலத்தில் பிரேக் வேறு மாதிரி இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். நிஜத்திலும் அப்படித்தான். உறைந்த சரளை கல்லுப்போல இறுகிவிடும், மேலே பனியை அமுக்கி வைத்திருப்பார்கள். தொல்லை பனி உருகும் பருவத்தில்தான், தரை இளகிவிடும்.

பின்சேர்க்கை 2: "ரன்வே 17-க்கு நேராக வந்தாலும் கம்பஸ் சம்பந்தமே இல்லாத எண்ணைக் காட்டுகிறது" என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். உங்கள் விமானத்தில் கோளாறு இல்லை. காந்த துருவத்துக்குப் பக்கமாக இருப்பதால் அங்கே கம்பஸை நம்ப முடியாது. ரன்வே எண்களே உண்மை வடக்கை வைத்துத்தான், சார்ட்டில் 17டி, 35டி என்று இருக்கும், டி என்றால் ட்ரூ, உண்மை வடக்கு. கம்பஸ் பேனலில் டிஜி நிலைக்கு (காந்தத்தை விட்டுவிட்டு, சுழலும் கைரோவை மட்டும் வைத்துத் திசை காட்டும் நிலை) மாற்றி, உண்மை வடக்குக்கு நீங்களே திருப்பி வையுங்கள். தெற்கே இருக்கும் இக்கலுயிட் ஊரிலிருந்து வருவதாக இருந்தால் 1,500 கிலோமீட்டருக்கு மேல் பறக்க வேண்டும், கைரோ மெல்ல நகர்ந்துவிடும். இறங்கும் முன் ஜிபிஎஸ் காட்டும் உண்மைத் திசையோடு ஒருமுறை ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள்.