கெஸ்ட்ரல் பழக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

அமெரிக்கக் கெஸ்ட்ரல் ஒரு குட்டி வல்லூறு. எடை நூறு கிராமுக்குக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். அமெரிக்காவில் வல்லூறைப் பழக்கி அதை வைத்து வேட்டையாட உரிமம் வேண்டுமென்றால் எழுத்துத் தேர்வில் தேற வேண்டும். அப்புறம் அனுபவசாலி ஒருவரின் கீழ் குறைந்தது 2 ஆண்டு பயிற்சி. புதிதாக வருகிறவர்களில் சிலர், "சின்னப் பறவைதானே" என்று இதில் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

முடிச்சு சரியாக விழாதது, கால்வார் பிய்ந்துபோவது போன்றவற்றை முதல் வாரத்திலேயே பறவை கற்றுக்கொடுத்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அடுத்தவர் பறவையின் எடையை உங்கள் பறவைக்கு வைப்பது

போன மாதம் ஒரு புதியவர் போன் செய்தார். பறவை கைக்கு வர மறுக்கிறதாம். "தீனியைக் குறைத்து எடையை இன்னும் 2 கிராம் இறக்கட்டுமா? பசித்தால் வருமே" என்றார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி.

என் முதல் பறவை பெண். கன்சாஸில் ஒரு இலையுதிர் காலத்தில் பிடித்தேன். அன்று 118 கிராம். தெரிந்தவர் ஒருவர் தன் பெண் பறவையை 100 கிராமில் பறக்கவிடுவதாகச் சொல்லியிருந்தார். அந்த 100 என் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவர் பறவையின் எலும்புக்கூடு என் பறவையுடையதைவிடச் சிறியது என்று யோசிக்கவே இல்லை. தீனியைக் குறைத்துக் குறைத்து 100-க்குக் கொண்டுவந்தேன். கூப்பிட்டதும் பாய்ந்து வந்தது. பசியில் பறந்து வந்ததைப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பரில் ஒரு ராத்திரி திடீரென்று குளிர் இறங்கியது. இவ்வளவு சின்ன உடம்பு சூட்டைத் தக்கவைக்கவே ராத்திரி முழுக்கக் கொழுப்பை எரிக்கும். காலையில் தராசு 94 காட்டியது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண் பாதி மூடி, விரல்களில் பிடிப்பே இல்லாமல் உட்கார்ந்திருந்தது. கீழே கிடந்த எச்சம் பச்சைப் பசேலென்று இருந்தது. வயிறு காலி என்பதற்கு அதைவிட வேறு அறிகுறி வேண்டாம்.

அங்கே இரண்டாவது தவறையும் செய்தேன். பதறிப்போய், எலும்பும் ரோமமுமாக அரை எலியை ஊட்டினேன். அவ்வளவு மெலிந்த உடம்புக்கு அதைச் செரிக்கத் தெம்பு இல்லை. தீனிப்பையிலேயே தங்கிவிட்டது. மருத்துவரைத் தேடி ஓடியிருக்க வேண்டும்; போகிற வழியிலாவது தண்ணீரில் நனைத்த வெறும் சதையைக் கடுகளவு கடுகளவாகக் கொடுத்திருக்க வேண்டும். மத்தியானத்துக்குள் பறவை செத்துப்போய்விட்டது.

அதனால், தராசு காட்டும் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். மார்பெலும்பின் இரு பக்கமும் விரலால் தடவிப் பாருங்கள். சதை வட்டமாக இருக்க வேண்டும், எலும்பு கத்தி முனைபோல் குத்தக்கூடாது. தினமும் ஒரே நேரத்தில், காலையில், செரிக்காத ரோமத்தையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிய பிறகு எடை போடுங்கள். குளிர் வருகிறது என்று வானிலை அறிக்கை சொன்னால் முந்தின நாளே கூடத் தீனி. பறவை வரவில்லை என்றால் கொழுத்திருக்கிறது என்றுதான் அர்த்தமா? உங்களைப் பார்த்துப் பயப்படலாம், எதிர்வீட்டு நாய் மேல் கண் இருக்கலாம். 2 கிராம் குறைப்பது சுலபம், கையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம்.

போன் செய்தவரிடம் தீனியைக் கூட்டச் சொன்னேன். முனகிக்கொண்டே வைத்தார்.

சமையலறைத் தராசு

1 கிராம் என்பது இதன் உடம்பில் நூற்றில் ஒரு பங்கு. 5 கிராம் 5 கிராமாகத் தாவும் தராசைத் தூக்கிப் போடுங்கள்.

இரை விழுந்ததும் ஓடுவது

சிட்டுக்குருவி சுமார் 30 கிராம்தான் இருக்கும். நீங்கள் தடதடவென்று ஓடினால் பறவை அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மரத்துக்குப் போய்விடும். ஒருமுறை ருசி கண்டால் பிறகு அதுவே வழக்கமாகிவிடும். மண்டியிட்டு, பக்கவாட்டில் மெல்லப் போங்கள். விரலில் ஒரு துண்டு இறைச்சியை நீட்டுங்கள். அது தின்னும்போது இரையைக் கையுறையால் மூடிக்கொள்ளுங்கள். வெடுக்கென்று பிடுங்கினால் அடுத்த முறை உங்களைத் திருடனாகத்தான் பார்க்கும். மைனா குடும்பத்து ஸ்டார்லிங் என்றால் கதை வேறு. அது கெஸ்ட்ரலோடு கட்டிப் புரளும் அளவுக்குப் பலசாலி. அப்போது சீக்கிரம் போய்க் கைகொடுக்கத்தான் வேண்டும்.

டிரான்ஸ்மிட்டர் (பறவை எங்கே இருக்கிறது என்று காட்டும் சின்னக் கருவி) இல்லாமல் விடுவது

வேண்டாம்.

நம் ஊரில் வைரி என்ற சின்னப் பருந்தைப் பிடித்துப் பழக்கலாமா?

கூடாது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

மரத்தைப் பார்க்காமல் கையை உயர்த்துவது

கூப்பர் பருந்துக்குக் கெஸ்ட்ரல் ஒரு வாய் உணவு. முதலில் மரங்களைப் பாருங்கள், அப்புறம் விடுங்கள்.